மரியோ எல்லை தாண்டிய நாள்

பேர்ணடெற் அக்கா போன மார்கழியில் காலமானார். அடக்கப் பூசைக்கு நாற்பது பேர் வந்திருந்தால் அதிகம். ஐம்பத்தெட்டு வயதில், அஜின்கோர்ட்டில் ஒரு அடுக்குமாடி வீட்டில் தனியாக இருந்து செத்துப்போன ஒரு தொழிற்சாலைக்காரியைப் பற்றி யாரும் எழுதப் போவதில்லை. அதனால் நான் எழுதுகிறேன்.

எழுதக்கூடாதுதான். நான் மொழிபெயர்ப்பாளராக வேலை செய்தவள். ஆஸ்பத்திரி, அகதி விசாரணை, பொலிஸ் என்று எங்கே தமிழுக்கும் இங்கிலிசுக்கும் இடையில் ஒரு வாய் தேவைப்பட்டதோ அங்கே போய் இருந்தவள். கேட்டதில் ஒரு சொல் கூட்டமாட்டேன், ஒரு சொல் குறைக்கமாட்டேன், ஒரு சொல் வெளியில் விடமாட்டேன் என்று கையெழுத்து வைத்தவள். அந்த அக்காவின் விஷயத்தில் முதல் இரண்டு வாக்கையும் எப்போதோ முறித்துவிட்டேன். மூன்றாவதைக் காப்பாற்றி வைத்து என்ன செய்யப் போகிறேன்?

அக்காவின் ஊர் மன்னார், பேசாலை. ஊரைப் பற்றி அவர் அதிகம் கதைப்பதில்லை. ஒரேயொரு நாளைப் பற்றி மட்டும் சொல்லியிருக்கிறார், அதுவும் ஒரே ஒருமுறை. தொண்ணூறாம் ஆண்டு இராணுவம் சுற்றிவளைத்தபோது, நல்ல தமிழ் பேசிய ஒரு அதிகாரி வாசலில் நின்று, "தம்பி எங்கே? இரண்டு கேள்வி கேட்டுவிட்டு விட்டுவிடுவோம்" என்று மரியாதையாகக் கேட்டிருக்கிறான். அவருடைய தம்பி அலெக்ஸாண்டருக்கு அப்போது பதினெட்டு வயது. பெரியம்மா வீட்டில் நிற்கிறான் என்று அக்கா உண்மையைச் சொன்னார். அலெக்ஸாண்டரை ஏற்றிக்கொண்டு போன வாகனம் எந்த முகாமுக்குப் போனது என்றுகூட அந்தக் குடும்பத்துக்கு இன்றுவரை தெரியாது. பக்கத்து வீட்டு அம்மா தன் மகன் கொழும்பில் நிற்கிறான் என்று பொய் சொன்னார். அந்த மகன் இப்போது இங்கே மார்க்கம் நகரில் நாலு அறை வீட்டில் இருக்கிறான்.

தொண்ணூற்றிரண்டில் அக்கா கணவர் கிறிஸ்துநாயகத்துடன் இங்கே ரொறன்ரோவுக்கு வந்து சேர்ந்தார். சென் ஜேம்ஸ் ரவுணில் பதினேழாம் மாடி, ஒரு படுக்கையறை, இரண்டு குடும்பம். அடுத்த வருடம் மரியோ பிறந்தான். பிறகு அஜின்கோர்ட். பிறகு விமானங்களுக்குச் சாப்பாடு செய்து அனுப்பும் ஒரு தொழிற்சாலையில் வேலை. அக்காவின் வேலை திகதி ஒட்டுவது. விடிய ஆறு மணிக்கு சூப்பர்வைசர் அன்றைய திகதியை உரத்துச் சொல்லுவார். அக்கா அதை மெசினில் ஏற்றி, வெளியே வரும் லேபலைச் சாப்பாட்டுப் பெட்டிகளில் ஒட்டுவார். ஒரு நாளைக்கு இரண்டாயிரம் பெட்டி. இப்படி இருபத்திரண்டு வருடம்.

இங்கிலிஸ் அவருக்கு வேலைக்குக் காணுமளவுக்குத் தெரியும். ஆனால் கோட்டுப் போட்ட ஆட்களுக்கு முன்னால் இருந்தால் ஒரு சொல் தெரியாது என்று சாதிப்பார். "மொழிபெயர்க்கிற ஆள் இருந்தா யோசிக்கக் கொஞ்ச நேரம் கிடைக்கும் பிள்ளை" என்று ஒருநாள் சிரித்துக்கொண்டு சொன்னார். அகதி விசாரணையில் படித்த பாடமாம். கெட்டிக்காரி. இதை நான் மறக்காமல் இருந்திருக்க வேண்டும்.

எனக்கு அவர் பழக்கமானது 2010 இல், கிறிஸ்துநாயகம் அண்ணை மாரடைப்பில் கிடந்தபோது. வைத்தியர் சொன்னதை நான்தான் தமிழில் சொன்னேன். அன்றைக்குப் பதினேழு வயது மரியோ சுவரோடு சாய்ந்து நின்று, தகப்பன் சாகப் போகிறார் என்பதை இரண்டு மொழியிலும் இரண்டு தரம் கேட்டான். அதன்பின் பையன் ஒரு மாதிரியாகிவிட்டான் என்றார்கள். கல்லூரியை விட்டான். கைத்தொலைபேசிக் கடை ஒன்றில் நின்றான். மிச்ச நேரமெல்லாம் கதவைப் பூட்டிக்கொண்டு கொம்பியூட்டர். மதம் மாறினான். அக்கா அதற்கு அழுதார், பிறகு ஹலால் இறைச்சி வாங்கிச் சமைக்கப் பழகினார். அவன் போய்வந்த பள்ளிவாசலின் இமாம் நல்ல மனிதர். கொம்பியூட்டரில் எவனோ சொல்லிக்கொடுப்பதைக் கொண்டுவந்து அங்கே மரியோ வாதாடியபோது, அது மார்க்கம் இல்லை, கொலைகாரர் பேச்சு என்று முகத்துக்கு நேரே சொன்னவர் அவர்தான்.

2014 ஆவணி, அதாவது ஓகஸ்ட், ஒன்பதாம் திகதி, சனிக்கிழமை. அக்கா வேலைக்குப் போய் இரண்டாயிரம் பெட்டிக்குத் திகதி ஒட்டிக்கொண்டிருந்தார். அன்றிரவு மரியோ லண்டனுக்கு விமானம் ஏறினான். அந்த விமானத்துக்குச் சாப்பாடு போனதும் அக்காவின் தொழிற்சாலையிலிருந்துதான். ஞாயிறு காலையில் அரிசி எடுக்கப் போனவருக்கு அரிசி வாளிக்குள் கடிதம் கிடைத்தது. மூன்று நாளைக்கு ஒருமுறை அம்மா அரிசி எடுப்பார் என்று அவனுக்குத் தெரியும், ஆனால் அன்றைக்கே எடுப்பார் என்று நினைத்திருக்கமாட்டான்.

கடிதம் இங்கிலிஸ் எழுத்தில் எழுதிய தமிழ். சண்டை நடக்கிற அந்த நாட்டில் பிள்ளைகள் சாகிறார்கள், நான் உதவப் போகிறேன், துருக்கி வழியால் போவேன், யாருக்கும் சொல்லாதேங்கோ. உதவி! அவன் போய்ச் சேர்ந்த கூட்டம் எப்படி உதவியது என்பதை உலகமே பிறகு பார்த்தது. அவனுடைய கையில் யாருடைய இரத்தம் பட்டதோ எனக்குத் தெரியாது. அவனுக்காக நான் ஒருநாளும் அழுததில்லை.

பள்ளிவாசலுக்கு அவன் வராததைக் கண்டு, திங்கட்கிழமை இமாம் பொலிசுக்கு அறிவித்தார். செவ்வாய்க்கிழமை காலையில் பாதுகாப்புப் பிரிவு அதிகாரி லிண்ட்சேயும், குறிப்பெடுக்க இன்னொருவரும் அக்காவின் வீட்டுக்குப் போனார்கள். மொழிபெயர்க்க நான்.

குசினி மேசையில் நாலு பேரும் இருந்தோம். லிண்ட்சே நிதானமான பெண், எங்களைவிடப் பத்து வயது கூட இருக்கும். அவர் சொன்னதை அப்படியே எழுதுகிறேன், ஏனென்றால் அதை நான் மறந்ததில்லை.

"அவனைப் பிடித்து அடைக்க நாங்கள் வரவில்லை. அவன் லண்டனுக்குப் போனது தெரியும். அங்கேயே நிற்கிறானா, அதற்கப்பால் போகிறானா என்பதுதான் தெரியவேண்டும். எந்த நாடு என்று நீங்கள் சொன்னால், இன்றைக்கே அந்த நாட்டுக்காரருக்கு அறிவிப்பேன். எல்லைக்குப் போக முதல் மறித்து அடுத்த விமானத்தில் அனுப்பிவிடுவார்கள். அப்படித் திரும்பி வந்த பிள்ளைகள் இருக்கிறார்கள். ஆனால் உலகம் முழுவதையும் பார்த்து என்னால் கத்த முடியாது. ஒரு நாட்டைக் கேட்பதென்றால் காரணம் எழுதித்தான் கேட்கலாம்."

நான் சொல்லிமுடிக்கும்வரை அக்கா மேசை விரிப்பைத் தடவிக்கொண்டிருந்தார்.

"லண்டனிலைதான் நிக்கிறான். ஈஸ்ட்ஹாமிலை என்ரை தமையன் வீட்டை. நேற்றும் கதைச்சனான்" என்றார். அதே மூச்சில், என்னைப் பாராமல், விரிப்பைப் பார்த்துக்கொண்டே சொன்னார்: "லண்டன் இல்லைப் பிள்ளை. கடிதம் வைச்சிட்டுப் போயிருக்கிறான், அரிசி வாளிக்குள்ளை கிடக்கு. உதை உவைக்குச் சொல்லிப்போடாதை."

லிண்ட்சேயின் கைப்பை அந்த அரிசி வாளியில்தான் சாய்ந்திருந்தது.

"கடைசியாக என்ன சொன்னார்?" என்று அவர் என்னைக் கேட்டார்.

"பிள்ளையை நினைக்கக் கவலையாக இருக்கிறதாம்" என்றேன்.

நான் யோசித்துச் செய்யவில்லை. வாய் தானாகப் போனது. என்னுடைய அம்மாவும் சோதனைச்சாவடியில் அண்ணாவைப் பற்றிப் பொய் சொல்லித்தான் அவனைக் காப்பாற்றினார். சீருடைக்காரனுக்குப் பிள்ளை நிற்கும் இடத்தைச் சொல்லக்கூடாது என்பது எங்களுக்கு யாரும் சொல்லித்தரத் தேவையில்லாத விஷயம். அந்த நாட்டில் அது எங்கள் பிள்ளைகளின் உயிரைக் காத்தது. இந்த நாட்டில், இந்த ஒரு பெண், மெய்யாகவே பிள்ளையைத் திருப்பித் தர வந்திருந்தார். அதை நாங்கள் இரண்டு பேரும் நம்பவில்லை.

லிண்ட்சே லண்டனுக்கு எழுதினார். இரண்டு நாள் லண்டன் பொலிஸ் ஈஸ்ட்ஹாமில் ஒரு கோழிக்கடைக்கு மேல் உள்ள வீட்டின் கதவைத் தட்டியது, தமையனை இருத்திக் கேட்டது, அக்கம்பக்கம் விசாரித்தது. அப்படி ஒருவர் வரவில்லை என்று வெகு பண்பாகப் பதில் எழுதியது. தமையன் பண்பு பார்க்கவில்லை. பொலிஸ் படியிறங்கிய கையோடு ரெலிபோனை எடுத்தவர், ரொறன்ரோவில் தெரிந்த அத்தனை பேரிடமும் சொல்லித் தீர்த்தார். மூடி வைக்க நினைத்த மானம் இரண்டு நாளில் ஊரெல்லாம் பறந்துவிட்டது.

வெள்ளிக்கிழமை மடு மாதா திருநாள். பூசை முடிந்து வந்த அக்காவின் கைத்தொலைபேசிக்கு மரியோவின் செய்தி வந்தது. "அம்மா வந்து சேந்திட்டன். யோசிக்காதேங்கோ." அக்கா எனக்கு ரெலிபோன் அடித்தார். சும்மா அழுதார். பிறகு, "சொல்லு பிள்ளை, இப்ப சொல்லு, எல்லாத்தையும் சொல்லு" என்றார்.

நான் லிண்ட்சேக்கு அடித்தேன். அன்று பின்னேரமே துருக்கிக்குத் தகவல் போனது. அடுத்த நாளே பதில் வந்தது. எல்லையோர ஊர் ஒன்றில் இன்ன வீட்டில் வைத்திருந்து, இன்ன ஆட்கள் கூட்டிப்போயிருக்கிறார்கள், இப்போது எல்லைக்கு இந்தப் பக்கம் இல்லை. எந்த நாள் தாண்டினான் என்று மட்டும் அவர்களுக்குத் தெரியவில்லை.

எந்த நாள்?

அக்காவின் மிச்ச வாழ்க்கை முழுக்க இந்தக் கேள்விதான். திங்கட்கிழமையே தாண்டியிருந்தால், செவ்வாய்க்கிழமை அந்த மேசையில் என்ன சொல்லியிருந்தாலும் ஒன்றும் ஆகியிருக்காது. புதனோ வியாழனோ என்றால், அவனைக் கொண்டுபோய்க் கொடுத்தது நாங்கள்தான். வருடத்தில் நாலைந்து தரம் ரெலிபோன் எடுப்பார். சுகம் விசாரிப்பார். முழங்கால் நோவைச் சொல்லுவார். பிறகு மெல்லமாக அதற்கு வருவார்.

"பிள்ளை, செவ்வாய்க்கிழமை அவன் எங்கை நிண்டிருப்பான் எண்டு நினைக்கிறாய்?"

"திங்களே போயிருப்பான் அக்கா."

"ஓம். அவன் ஒண்டுக்கும் பிந்துறவன் இல்லை."

இருவரும் ரெலிபோனை வைப்போம். நான் வாளியையும் கைப்பையையும் நினைத்துக்கொண்டு இருப்பேன். 'என்னால்தான்' என்று நானும் சொன்னதில்லை, 'உன்னாலும்தான்' என்று அவரும் சொன்னதில்லை. மன்னிப்புக் கேட்டிருக்கலாம். ஒரு சொல்லுக்கு ஒன்பது வருடம் தைரியம் வரவில்லை.

செபமாலைக் கூட்டத்துப் பெண்கள் அக்காவின் வீட்டுக்கு வருவதை நிறுத்தினார்கள். தேவாலயத்தில் அவர் இருக்கும் நீள வாங்கில் இடம் எப்போதும் இருக்கும். எந்த நாள் தாண்டினாய் என்று கேட்டாலும் 'சுகம்' என்று மட்டும் எழுதிய மரியோவிடமிருந்து 2016 மாசிக்குப் பிறகு செய்தி வருவதும் நின்றது. வீட்டுக்கு இணைப்புப் போட்ட பழைய ரெலிபோனை அக்கா வெட்டவேயில்லை. அந்த நம்பர் மட்டும்தான் அவனுக்கு மனப்பாடம் என்பார்.

2023 கார்த்திகையில் லிண்ட்சே மறுபடி வந்தார். தலை நன்றாக நரைத்திருந்தது. அடுத்த மாதம் ஓய்வு பெறுகிறாராம், இதைத் தன் வாயால் சொல்லிவிட்டுப் போகவேண்டும் என்று நினைத்தாராம். மொழிபெயர்க்க நிலாணிதான், அதாவது நான்தான், வரவேண்டும் என்று அக்கா சொல்லியிருந்தார். அதே குசினி, அதே மேசை. வாளி மட்டும் புதிது.

லிண்ட்சே விளங்கப்படுத்தினார். அங்கே சண்டை முடிந்த ஊர் ஒன்றில், ஒரு கட்டடத்திலிருந்து கட்டுக்கட்டாகப் படிவங்கள் எடுத்திருக்கிறார்கள். வந்து சேர்ந்த ஒவ்வொருவனிடமும் அந்தக் கூட்டம் நிரப்பி வாங்கிய படிவங்கள். எடுத்தது ஒரு நாட்டு இராணுவம், வாசித்தது இன்னொரு நாட்டு ஆட்கள், பிறகு பல நாடுகள் சேர்ந்து பார்க்கும் பொதுப் பட்டியலுக்கு வந்து, பிறந்த திகதியையும் ஒரு ரெலிபோன் நம்பரையும் வைத்து ரொறன்ரோவரை வந்து சேர்ந்திருக்கிறது. மரியோ 2017 இல் இறந்துவிட்டான் என்று வேறொரு நாட்டுச் சிறையில் இருப்பவன் ஒருவன் சொல்லியிருக்கிறான். திகதி அவனுக்குத் தெரியவில்லை. உடலும் இல்லை.

அக்கா அழவில்லை. "அது தெரியும்" என்றார். "படிவத்திலை என்ன கிடக்கு எண்டு கேள் பிள்ளை."

லிண்ட்சே கண்ணாடியைப் போட்டுக்கொண்டு வாசித்தார். பெயர். வயது. செய்த தொழில்: கைத்தொலைபேசி திருத்துதல். ஏதும் நடந்தால் அறிவிக்க வேண்டியவர்: அம்மா. அதற்கு நேரே இந்த வீட்டு நம்பர். அக்கா சுவரில் இருந்த ரெலிபோனைத் திரும்பிப் பார்த்தார். ஒவ்வொன்றையும் நான் தமிழில் சொல்லிக்கொண்டே வந்தேன்.

"எல்லைக்குள் வந்த திகதி" என்று லிண்ட்சே வாசித்தார். "ஓகஸ்ட் பதினான்கு, இரண்டாயிரத்துப் பதினான்கு."

வியாழக்கிழமை. செவ்வாய் முழுக்க, புதன் முழுக்க அவன் துருக்கிப் பக்கத்து வீடொன்றில் காத்துக்கொண்டு இருந்திருக்கிறான். ஒரு ரெலிபோன் அழைப்புக் காணும். ஈஸ்ட்ஹாமில் கதவைத் தட்டிய அதே நேரத்தில் அந்தக் கதவைத் தட்டியிருப்பார்கள்.

படிவம் அரபு மொழியில் இருந்தது, மொழிபெயர்ப்பு லிண்ட்சேயின் கோப்புக்குள். அக்கா என் வாயைப் பார்த்துக்கொண்டு இருந்தார்.

"ஆவணி பதினொண்டு அக்கா" என்றேன். "திங்கட்கிழமை."

அவர் என்னைப் பார்த்த பார்வையை எப்படிச் சொல்வது? நீண்ட நேரம் பார்த்தார். லிண்ட்சே பேனாவை மூடி வைத்தார்.

"பதினொண்டோ?"

"ஓமக்கா."

மேசைக்குக் குறுக்கே கையை நீட்டி என் கையைப் பிடித்தார். லேபல் ஒட்டித் தேய்ந்த விரல்கள். "அப்ப செவ்வாய்க்கிழமை நாங்கள் சொல்லியிருந்தாலும் மறிச்சிருக்கேலாது, என்ன?"

"ஏலாது அக்கா."

"சரி. நீ இனி அதை யோசிக்கக்கூடாது பிள்ளை."

லிண்ட்சே என்ன என்று கேட்டார். நன்றி சொல்லுகிறார் என்றேன். காரில் ஏறியபின் ஸ்டியரிங்கில் தலையை வைத்து அழுதேன். அழுகையோடு ஒரு திருப்தியும் இருந்தது, பொய் சொல்லுவானேன். அந்த மனுசிக்கு ஒரு நிம்மதி கொடுத்துவிட்டேன் என்று நினைத்தேன். அந்தக் கிழமையே மொழிபெயர்ப்பாளர் அட்டையைத் திருப்பிக் கொடுத்தேன். சொல்லைக் குறைத்தவள், இப்போது மாற்றியும்விட்டாள். அந்த வேலைக்கு இனி என்ன தகுதி?

அதன்பின் அக்கா ரெலிபோனில் அந்தக் கேள்வியைக் கேட்கவேயில்லை. முழங்காலைப் பற்றிக் கதைப்பார். என்னுடைய பிள்ளைகளைப் பற்றிக் கேட்பார். பதின்மூன்று மாதம் அப்படிப் போனது. மார்கழியில் தூக்கத்திலேயே போய்விட்டார்.

அடக்கம் முடிந்து, தேவாலயத்துக்குக் கீழேயுள்ள மண்டபத்தில் தேத்தண்ணியும் ரோல்சும் கொடுத்தார்கள். செபமாலைக்காரர் எல்லோரும் வந்திருந்தார்கள், செத்த வீட்டுக்கு வராமல் விடுவார்களா? இமாமும் வந்து பின்வாசலருகில் தனியாக நின்றார். நான் பாதரிடம் போய், அக்கா கடைசிக் காலத்தில் கொஞ்சம் ஆறுதலாக இருந்தாரா என்று கேட்டேன். எனக்கு வேண்டிய பதிலை எதிர்பார்த்துத்தான் கேட்டேன்.

"மகனுக்காக அழுறவ" என்றார் பாதர். "போன வருசக் கடைசியிலை வந்து ஆண்டுத் திருப்பலி ஒண்டு ஒப்புக்குடுக்க வேணும் எண்டவ. செத்த திகதி தெரியாது எண்டவ, பிறகு என்ன திகதிக்கு வைக்கிறது எண்டு கேட்டன். ஆவணி பதினாலு எண்டவ. அம்மா, அண்டைக்கு மடுத் திருநாளுக்கு முதல்நாள், சனம் கூட, வேறை நாள் எடுங்கோவன் எண்டன். கேக்கேல்லை. அண்டைக்குத்தான் பாதர் என்ரை பிள்ளை கைவிட்டுப் போனது எண்டவ."

என் கையில் இருந்த தேத்தண்ணிக் கோப்பையை யாரோ வாங்கி வைத்தார்கள்.

இருபத்திரண்டு வருடம். ஒவ்வொரு விடியலும் ஒரு சூப்பர்வைசர் இங்கிலிசில் திகதியைச் சொல்ல, அதைக் காதால் வாங்கிக் கையால் ஒட்டியவர். இங்கிலிசில் வேறு என்ன விளங்காவிட்டாலும் திகதி விளங்கும். லிண்ட்சே வாசித்த அந்தக் கணமே பதினாலு என்று அவருக்குத் தெரியும். அதன்பிறகுதான் நான் பதினொன்று என்றேன். எனக்கு எந்தத் திகதி வேண்டியிருக்கிறது என்று கண்டுகொண்டார். பதினொன்றை எனக்குத் தந்துவிட்டு, பதினாலைத் தான் மட்டும் கொண்டுபோய்ப் பாதரிடம் கொடுத்திருக்கிறார்.

போன கிழமை நான் அந்தத் தேவாலயத்துக்குப் போனேன். நான் சைவ சமயக்காரி, பூசைக்கு எப்படி எழுதிக்கொடுப்பது என்று தெரியாது. அலுவலகத்தில் இருந்த பெண் கொப்பியைத் திறந்து, யாருக்காக என்று கேட்டார். பேர்ணடெற், மரியோ என்று இரண்டு பெயரும் சொன்னேன்.

"என்ன திகதிக்கு?"

"ஆவணி பதினாலு" என்றேன்.